பிரேக் அக்கா கட்டிய எஞ்சின்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிப் பள்ளிக் காரில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். நாம் தடுமாறினால் அவர் அங்கிருந்தே மிதித்துக்கொள்வார். அக்கா மிதிப்பது கண்ணுக்கே தெரியாது. முதல் நாள் நான் ஒரு குப்பைத்தொட்டியை நோக்கி நேராகப் போனபோது, அவர் தன் பல்வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கார் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பல்வலிக் கதை நிற்கவே இல்லை.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. ஒரு சலவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் நாத்தனாரோடு இருந்தார். கணவரே போன பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருப்பது சரிப்பட்டு வராது என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்களாம். எப்படியோ சரிப்பட்டு வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத அந்த நாத்தனார், சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில் வேலை செய்தார். யாரோ அந்தக் காப்பகத்துக்கு ஒரு சாக்கு நிறைய விளையாட்டுக் கட்டைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றோடு ஒன்று பொருத்தி வீடு, வண்டி என்று கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள். கூடவே பல்சக்கரம், தண்டு, சின்னச் சின்ன ஆணிகள். குழந்தைகள் முதல் வேலையாக அவற்றை வாயில் போட்டுக்கொண்டதால், நாத்தனார் சாக்கை வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். யாருக்காவது கொடுக்கலாம் என்று எண்ணம். கொடுக்கவில்லை.

நான் கற்றுக்கொள்ள ஆரம்பித்த அதே சமயத்தில் இன்னொருவரும் சேர்ந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், அக்காவுக்குக் கிட்டத்தட்ட சம வயது. அமைதியான மனிதர், ஆனால் கேள்வி கேட்பார். கிளட்ச்சை மிதியுங்கள் என்று அக்கா சொன்னால், அவர் மிதிக்காமல் யோசிப்பார். ஒரு நாள் காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு அக்கா என்னதான் பிரச்சினை என்று கேட்டாராம்.

"கிளட்ச்சை மிதிச்சா உள்ள எது எதை விடுது மேடம்?" என்றார் அவர்.

கியர் மாற்றுவதற்காக மிதிக்கிறோம், அவ்வளவுதான் என்றார் அக்கா. அது எதற்கு என்பதற்குப் பதில், என்ன நடக்கிறது என்பதற்கு இல்லை என்றார் அவர். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தன் கால் அழுந்த மறுக்கிறது என்றும் சொன்னார். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன் சார், உங்க கடையில மாத்திரை வாங்குறேன். அது வயித்துக்குள்ள போய் என்ன பண்ணுதுன்னு உங்களைக் கேட்டுட்டா முழுங்குறேன்?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். அதுதான் அக்காவைப் பிடித்து ஆட்டியது. மறு வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்காவிடம் கற்றுக்கொள்ள வந்து பாதியில் விட்டவர் அதுவரை யாருமில்லை. சிலர் தேர்வில் தோற்றிருக்கிறார்கள், ஒருவர் கடைசி வகுப்பில் கண்ணாடிக் கதவுக்குள் காரை விட்டிருக்கிறார். ஆனாலும் யாரும் நின்றதில்லை.

பள்ளியின் கார்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் அக்கா போய்க் கேட்டார். அவர் ஒரு கையை முஷ்டியாக்கி இன்னொரு உள்ளங்கையில் வைத்துத் திருகிக் காட்டினார். இது எஞ்சின், இது கியர், இது வந்து இதைப் பிடிக்கும், மிதித்தால் விடும், புரிந்ததா என்றார். அக்கா தலையாட்டினார். கை கழுவிக்கொண்டு அவர் போன பிறகு தன் கைகளை அதே மாதிரி வைத்துப் பார்த்தார். எந்தக் கை எஞ்சின் என்பதே மறந்துபோயிருந்தது. அதோடு இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. எஞ்சின் சுற்றுகிறது சரி. அதை முதலில் சுற்ற வைப்பது எது? இத்தனை வருடம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு நாளும் இது தோன்றவில்லையே என்று அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

போனில் தேடினார். யாரோ ஒருவர் விளையாட்டுக் கட்டைகளாலேயே ஓடுகிற எஞ்சின் கட்டுகிற காணொளி கிடைத்தது. முகம் தெரியவில்லை, பேச்சும் இல்லை, இரண்டு கைகள் மட்டும். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார்.

அந்த எஞ்சின் பெட்ரோலில் ஓடுவதில்லை, காற்றில் ஓடும். கட்டைகளால் ஒரு சின்னக் கூடு கட்ட வேண்டும். அதற்குள் மேலும் கீழும் போய்வர வழவழப்பான ஒரு கட்டை, அதுதான் பிஸ்டன். பிஸ்டன் ஒரு தண்டைத் தள்ளியிழுத்து ஒரு சக்கரத்தைச் சுற்றும். கூட்டின் மேல் வேக்குவம் கிளீனரின் குழாயைச் செருகினால் உள்ளிருக்கும் காற்று உறிஞ்சப்பட்டு பிஸ்டன் மேலே ஏறும். ஏறியதும் பக்கத்திலிருக்கும் சின்னக் கதவு நகர்ந்து குழாயை அடைத்து, வெளிக்காற்றை உள்ளே விடும், பிஸ்டன் இறங்கும். அந்தக் கதவை நகர்த்துவதும் அதே சக்கரம்தான். வேக்குவம் கிளீனருக்குக் கவலை இல்லை. பயிற்சிக் கார்களின் இருக்கைகளைச் சுத்தம் செய்யப் பள்ளியில் ஒன்று இருந்தது. வார இறுதியில் அதை அக்கா வீட்டுக்கு எடுத்துவந்தார்.

கட்டும்போது ஒவ்வொரு கட்டையும் புரிந்த மாதிரி இருந்ததாம். கட்டி முடித்துப் பார்த்தால் மொத்தமும் புரியவில்லை. சக்கரம் கதவைத் தள்ளுகிறது, கதவு பிஸ்டனை விடுகிறது, பிஸ்டன் சக்கரத்தைச் சுற்றுகிறது. சாப்பாட்டு மேஜையில் விரலை வைத்து இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அப்போ இதுல யாரு யாரைச் சுத்துறா?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா, எல்லாமாச் சேர்ந்து உங்களைச் சுத்துது அண்ணி" என்றார் நாத்தனார். தட்டு வைக்க இடமில்லாமல் அவர் மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் அது அசையவே இல்லை. பிஸ்டன் இறுகிப் பிடித்தது. பென்சில் கரியைத் தேய்த்ததும் இளகியது. குழாய் செருகிய இடத்தில் காற்று புகுந்தது. குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ண மாவைக் காப்பகத்திலிருந்து கொண்டுவரச் சொல்லி அப்பினார். அப்புறம் ஒரு மத்தியானம், வேக்குவம் கிளீனரைப் போட்டு, சக்கரத்தை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது இரண்டு தடவை திணறி, நின்று, அவர் தள்ளியதற்கு எதிர்ப் பக்கமாக எகிறி, கடகடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது.

அக்கா பயந்து சுவிட்சை அணைத்துவிட்டார். காணொளியில் அந்தக் கைகள் சக்கரத்தைத் தள்ளிய பக்கத்துக்குத்தான் அவரும் தள்ளினார். அங்கே அது அந்தப் பக்கமே ஓடியது. இங்கே எதிராக ஓடுகிறது. கட்டைகளைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். அதே எதிர்ப் பக்கம். சாக்கிலிருந்து வேறு கட்டைகளை எடுத்துக் கட்டினார். அப்போதும் அதேதான். ஓடாவிட்டால்கூட விட்டுவிட்டிருப்பாராம். தப்பாக ஓடுவதை எப்படி விடுவது?

காரில் அவர் பேச்சு குறைந்தது அந்த நாட்களில்தான். நான் ஓட்டுவேன், அவர் முன்பக்க மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கடியில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

நான் ஓரளவு ஓட்டப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்த ஒரு காலையில், ஐந்து சாலைகள் கூடும் பெரிய ரவுண்டானாவுக்குள் நுழைந்தோம். பாதி சுற்றியிருப்பேன். என் கால் தன் பாட்டுக்குச் சரியாகத்தான் இருந்தது. திடீரென்று எஞ்சின் கத்தியது, கார் வேகம் இழந்தது. நான் பதறி ஆக்ஸிலேட்டரை விட்டேன். அடுத்த நொடி ஒரு பெரிய குலுக்கலோடு வண்டி நடு ரவுண்டானாவில் அணைந்து நின்றது. பின்னால் ஒரு பேருந்து ஹாரனை அழுத்தியபடியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதம்மா. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் கிளட்ச்சை மிதிச்சுட்டேன். அப்புறம் பட்டுனு விட்டுட்டேன்" என்றார் அக்கா.

நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. இடம் மாறி உட்கார்ந்து அவரே பள்ளி வரை ஓட்டினார். வழியில் ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று பெயரெடுத்தவர் அவர்.

முதலாளியிடமும் போய் தன் தப்புதான் என்று சொன்னார். அவரும் நம்பவில்லை. ஒரு மாணவிக்காக இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டாம், களைத்துப்போயிருக்கிறீர்கள், கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவைத்தார். அக்காவுக்கு ஒரே குழப்பம். தப்புச் செய்யாதபோது யாரும் பாராட்டியதில்லை. செய்தேன் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இருந்த நாட்களில் அவர் எஞ்சினைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தார். நடக்கும்போதுகூட எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று யோசித்தாராம். யோசித்ததும் மாடிப்படியில் தடுக்கினார். நாத்தனார் பயந்துபோனார். அண்ணன் இறந்தபோதுகூட அண்ணி இப்படி இருந்ததில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக்கடைக்குள் நுழைந்தார். அங்கே நிற்பவர்தான் அண்ணியின் வகுப்பை விட்டு நின்றவர் என்பது அவருக்குத் தெரியாது.

மூளைக் குழப்பத்துக்கு ஏதாவது மாத்திரை உண்டா, அண்ணிக்கு என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் முறைப்படி விசாரித்தார். என்ன வயது, தூக்கம் எப்படி, என்ன செய்கிறார்கள். விளையாட்டுக் கட்டையில் எஞ்சின் கட்டுகிறார்கள் என்றார் நாத்தனார். எதற்கு என்று கேட்டதற்கு, யாரோ ஒரு புண்ணியவான் காரில் உட்கார்ந்துகொண்டு கிளட்ச்சுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தானாம், அன்றைக்குப் பிடித்தது என்றார்.

"இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா. அந்தப் புண்ணியவான் நான்தான். நாளைக்குக் கடை லீவு. வந்து பாக்கட்டுமா?"

வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு காகிதப் பை. கதவைத் திறந்த அக்கா, வகுப்புக்குத் தேதி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் இப்போது பள்ளிக்குப் போவதில்லை என்றார். அவரோ, தான் வகுப்பை நிறுத்தியது கோபத்தால் இல்லை, தன்னால் உங்கள் நேரம் வீணாகிறதே என்ற வெட்கத்தால்தான் என்றார். அதுவரை அக்கா வேறு மாதிரி நினைத்திருந்தார். இருவரும் வாசலிலேயே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றதில் யார் எதற்குக் கேட்கிறார்கள் என்பது கலந்துபோனது. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டு அதைச் செய்யலாமே என்றார் நாத்தனார்.

எஞ்சினை ஓட்டிக் காட்டினார் அக்கா. வேக்குவம் கிளீனர் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரர் குனிந்து, நிமிர்ந்து, மேஜையைச் சுற்றிவந்து பார்த்தார். உறிஞ்சுகிற வேகத்தில் பிஸ்டன் இழுபடுகிறது, அதுவரை புரிகிறது என்று அக்கா கத்தினார். அவர் மெஷினை அணைக்கச் சொல்லிவிட்டு, காகிதப் பையிலிருந்து ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை எடுத்தார். நுனியை அக்காவின் விரலால் அடைக்கச் சொன்னார். பின்பக்கத்தை இழுத்துவிட்டுக் கையை எடுத்தார். அது சடக்கென்று உள்ளே போனது.

"இப்போ இதை யாரு இழுத்தா?"

"யாரும் இழுக்கலையே. அதுவா போச்சு."

"வெளியில இருக்கிற காத்து தள்ளிச்சு மேடம். உங்க எஞ்சின்லயும் மெஷின் இழுக்கல. அது உள்ள இருக்கிற காத்தைக் கொஞ்சம் எடுத்துடுது. அப்புறம் பிஸ்டனை இந்த ரூம்ல இருக்கிற காத்து தள்ளுது."

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி, நாற்காலி, கொடியில் காயும் துண்டு. இதெல்லாம் புரியும், இந்தச் சும்மா இருக்கிற காற்றா அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று அவருக்கு நம்ப முடியவில்லை. புரிந்த ஒன்றும் போய்விட்டது என்று சிரித்தார். பல நாட்கள் கழித்து அண்ணி சிரித்ததை நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு, அது ஏன் எதிர்ப் பக்கம் ஓடுகிறது என்ற பேச்சு வந்தது. மருந்துக்கடைக்காரர் காணொளியையும் எஞ்சினையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கதவைத் தள்ளும் தண்டு சற்றுப் பின்னால் இருக்கிறதோ என்றார். மாற்றினால் அது ஓடவே இல்லை. திரும்பப் பழையபடி வைத்தார்கள். வேக்குவம் குழாயைக் கீழிருந்து மாட்டலாமா என்றார் அக்கா. அதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இருந்தாலும் மாட்டிப் பார்த்தார்கள். அதே பக்கம் ஓடியது. நடுவில் வேக்குவம் கிளீனர் சூடேறித் தானாக நின்றுவிட்டது. பள்ளிச் சாமானைக் கெடுத்துவிட்டோமே என்று அக்கா தலையில் கை வைத்தார். தேநீர் குடித்து முடித்த நேரத்தில், யாரும் எதுவும் செய்யாமலேயே, அது மறுபடி வேலை செய்தது. அதற்கும் காரணம் தெரியவில்லை.

தட்டுக் கழுவி முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் வந்தார். எஞ்சின் தப்புப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை அடிப்பலகையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்து, மேஜைமேலேயே அரை வட்டம் திருப்பி வைத்தார். முன்பக்கம் பின்னால் போனது.

"இப்போ சரியான பக்கம் சுத்துதா அண்ணி?"

சுற்றியது. அக்கா இருந்த இடத்திலிருந்து பார்த்தால், காணொளியில் இருந்த அதே பக்கம்.

இது ஏமாற்று வேலை என்றார் மருந்துக்கடைக்காரர். சக்கரம் மாறவில்லை, பார்க்கிற பக்கம்தான் மாறியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கைக்காரர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா கேட்டார். காணொளியை ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கைகள் ஒரு நேரம் இந்தப் பக்கத்திலிருந்து வந்தன, இன்னொரு நேரம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன. எது முன்பக்கம் என்று அவர் எங்குமே காட்டவில்லை. அப்போது இத்தனை நாளும் இது சரியாகத்தான் ஓடியதா, தப்பாகவா? அவர் கட்டியதைப் பார்த்து நான் எதிரே உட்கார்ந்து கட்டினேனா? அக்கா கேட்டுக்கொண்டே போனார். மருந்துக்கடைக்காரர் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் தன் பதிலே தனக்கு விளங்காமல் நிறுத்திவிட்டார். நாத்தனார் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று ஒன்று மட்டும் நடந்தது. எஞ்சின் ஓடும்போது மருந்துக்கடைக்காரர் இன்னொரு சின்னச் சக்கரத்தை ஒரு தண்டில் மாட்டி, ஓடுகிற சக்கரத்தின் பக்கவாட்டில் மெதுவாக ஒட்டினார். ஒட்டியதும் அதுவும் சேர்ந்து சுற்றியது. விலக்கினார்; எஞ்சின் தன் பாட்டுக்கு ஓட, சின்னச் சக்கரம் மட்டும் நின்றது. மறுபடி ஒட்டினார். சடக்கென்று ஒட்டியபோது எஞ்சினே திணறி நின்றுவிட்டது. மெதுவாக ஒட்டியபோது நிற்கவில்லை.

"கிளட்ச்சுன்னா அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதான் போல" என்றார் அக்கா. மெக்கானிக்கின் முஷ்டியும் உள்ளங்கையும் அவருக்கு அப்போது நினைவுக்கு வந்தன. எந்தக் கை எஞ்சின் என்பது அப்போதும் தெரியவில்லை.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் பள்ளிக்குத் திரும்பினார்கள். கிளட்ச்சுக்குள் என்ன நடக்கிறது என்று இப்போது மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். முதல் வகுப்பில் கிளம்பிய இடத்திலேயே காரை மூன்று முறை அணைத்தார். அவருக்கு அது பெரிய ஏமாற்றம். தெரிந்த பிறகும் கால் கேட்கவில்லையே என்று அக்காவிடம் வருந்தினாராம். அக்காவின் காலும் அப்போது அப்படித்தான் இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, சளிக்கும் இருமலுக்கும் ஒரே மருந்தா என்று கேட்டார். அவர் அதை விளக்கிக்கொண்டே இரண்டாவது கியருக்குப் போனார். விளக்கி முடித்தபோது மூன்றாவதில் இருந்தார். அதை அக்கா அவரிடம் சொல்லவில்லை.

என் தேர்வு நாளில் அக்கா வந்திருந்தார். சோதிப்பவரோடு நான் மைதானத்தைச் சுற்றும்போது அவர் வெளியே ஒரு நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தார். இறங்கி ஓடி வந்து தேறிவிட்டேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார், ஆனால் கவனம் வேறெங்கோ இருந்தது. செருப்பைக் கழற்றித் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகைக்கு முன்னால் மண்ணில் ஒரு சின்னக் குழி.

"நீ அந்த வளைவுல வேகமா வந்தியா, இங்கிருந்தே பிரேக்கைப் போட்டுட்டேன் போல. எப்போ போட்டேன்னு தெரியல" என்றார். அந்த ரவுண்டானாவில் நின்றது உண்மையிலேயே அவரால்தானா என்று நான் அன்றுதான் கேட்டேன். ஆமாம் என்றார். அதற்கப்புறம்தான் இந்தக் கதை முழுவதையும் சொன்னார். விட்டுப்போனதை நாத்தனார் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் இரண்டாவது முயற்சியில் தேறினார். கார் வாங்கவில்லை, கடைக்கு இன்றும் நடந்துதான் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாம் மாடிக்கு வருகிறார். இப்போது இரண்டு பிஸ்டன் வைத்த எஞ்சின் ஒன்று கட்டுகிறார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மேஜையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது நாத்தனாரின் நிபந்தனை. போன மாதம் வழியில் அக்காவைப் பார்த்தபோது எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். ஒரு பிஸ்டன் ஏறும்போது இன்னொன்று இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே நின்றுவிடுகின்றன, ஏன் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை என்றார். கையில் பென்சில் கரி ஒட்டியிருந்தது. வண்ண மாவு தீர்ந்துவிட்டதாம், காப்பகம் மூடுவதற்குள் போய் வாங்க வேண்டும் என்று அவசரமாக நடந்தார்.